சோம்புச் செடி வைக்கப் போறியா? மண்ணுல கை வைக்கிறதுக்கு முன்னாடி இதைப் படி

தங்கச்சி, சோம்பு வளர்க்கணும்னு ஆசைப்பட்டிருக்கே, நல்ல ஆசை. ஆனா கொத்தமல்லியைத் தூவற கையோட சோம்பையும் ஒரு தட்டையான தொட்டியில தூவிட்டு, "அக்கா, குச்சி குச்சியா வந்து சாய்ஞ்சு போச்சு"ன்னு வந்து நிக்காதே. கொத்தமல்லி, கேரட், சீரகம், ஓமம் எல்லாமே இதுக்குச் சொந்தம்தான். ஆனா கொத்தமல்லி வந்த வேகத்துல பூத்துக் காய்ச்சுப் போய்ச் சேர்ந்துடும். சோம்பு அப்படி இல்ல. ஆணிவேரை ஆழமா இறக்கி, ஆள் உயரத்துக்கு எழும்பி, உச்சியில மஞ்சள் பூவைக் குடை குடையா விரிச்சு, விதை கொடுத்து, வெட்டி விட்டா அடியிலிருந்து மறுபடி துளிர்க்கிற செடி. இடம் பிடிச்சுப் போச்சுன்னா வருஷக்கணக்கா இருக்கும்.

நிறைய பேர் இதைக் கெடுக்கிறது அளவுக்கு மீறிப் பார்த்துப் பார்த்துத்தான். நாத்தா வளர்த்துப் பெயர்த்து நடுவாங்க, தினமும் தண்ணி ஊத்துவாங்க, வாரா வாரம் உரம் போடுவாங்க, விதை எடுத்ததும் வேரோட பிடுங்குவாங்க. ஆரம்பத்துல நாலு வேலையைச் சரியாப் பண்ணிடு, அப்புறம் தொடாம இரு. வேலைக்கும் போய் வீட்டையும் பார்க்கிற உனக்கு இது தோதான செடிதான்.

1. முதல்ல உன் ஊரைப் பார்

இதோட பூர்வீகம் மத்தியதரைக் கடல் ஓரம். குளிர்காலத்துல மழை, கோடையில வறட்சி, அதுதான் அதுக்குப் பழக்கம். நம்ம நாட்டுல குஜராத்தும் ராஜஸ்தானும்தான் சோம்புக்குப் பேர் போன இடங்கள். குஜராத்துல இருக்கிற உஞ்சா சந்தைக்குச் சீரகமும் சோம்பும் மூட்டை மூட்டையா வரும். அங்கே பனிக்காலம் வறண்டு, குளிர்ந்து, வெயிலோட இருக்கும். அதுதான் காரணம்.

ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு பக்கம் இருக்கிறவங்களுக்குக் கவலையே இல்ல, வருஷக்கணக்கா வெச்சுக்கலாம். சமவெளியில, அதுவும் மொட்டை மாடியில வளர்க்கிறேன்னா, பனிக்காலத்துச் செடின்னு நினைச்சே ஆரம்பி. கோடையைத் தாண்டினா லாபம். தாண்டலைன்னா அதுக்காக மனசு ஒடிஞ்சு போகாதே, அந்த வெயில் அதுக்கு ஒத்துக்கல. அவ்வளவுதான்.

2. மாசம் தவறாதே

சித்திரையில விதைச்சுட்டு முளைக்கலைன்னு விதைக்காரனைத் திட்டாதே.

- விதை வரைக்கும் வேணும்னா: புரட்டாசிக் கடைசியிலிருந்து ஐப்பசிக்குள்ள விதை. இலை வர ரெண்டு மாசம், பூ வர மூணு நாலு மாசம், விதை முத்த அஞ்சிலிருந்து ஏழு மாசம் ஆகும். தள்ளிப் போட்டா பூக்கிற நேரத்துல கொளுத்தற வெயில் வந்துடும்.
- இலை மட்டும் போதும்னா: கார்த்திகையில, மழை ஓய்ஞ்சதும் விதை. இதுதான் தொல்லை இல்லாதது.
- சென்னை, கடலூர், நாகை மாதிரி ஐப்பசி மழை அடிச்சு ஊத்தற ஊர்னா, சன்ஷேடு ஓரமா தொட்டியை வை. வெயில் படணும், நேரடி மழை படக் கூடாது. குட்டிச் செடி ரெண்டு நாள் தண்ணியில நின்னாலே தண்டோட அடி அழுகிச் சாய்ஞ்சுடும்.

3. விதை: அஞ்சறைப்பெட்டியை நம்பலாமா?

நம்பலாம், சோதிச்சுப் பார்த்துட்டு. மளிகைக்கடை சோம்புல ரெண்டு பிரச்சினை. ஒண்ணு, பழசா இருக்கும். ரெண்டு, பளபளன்னு கண்ணைப் பறிக்கிற பச்சையா இருந்தா சாயம் ஏத்தினதா இருக்கலாம். சாப்பாட்டுக்கு அப்புறம் மெல்ற சர்க்கரை பூசின சோம்பையும் வறுத்த சோம்பையும் மண்ணுல போடாதே. மங்கின பச்சையும் சாம்பலும் கலந்த நிறம், முழுசான விதை, நசுக்கினா மூக்கைத் துளைக்கிற வாசனை, இது மூணும் இருந்தா எடு.

பத்து விதையை ஈரமான துணியில மடிச்சு ஒரு டப்பாவுல மூடி வை. துணி காயாமப் பார்த்துக்கோ. பத்துப் பதினஞ்சு நாள்ல அஞ்சு ஆறாவது முளை விட்டா அந்தப் பாக்கெட் தேறும். ஒண்ணு ரெண்டுதான்னா அதைச் சமையலுக்கு வெச்சுக்கிட்டு வேற வாங்கு. இந்தச் சோதனைக்கு ரெண்டு நிமிஷ வேலை. பண்ணலைன்னா ஒரு மாசம் வெறும் மண்ணுக்குத் தண்ணி ஊத்துவே.

விதைக்கடையில வாங்கறேன்னா ரகம் கேள். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தோட கோ 1 நம்ம ஊருக்குன்னே வந்தது. "கிழங்கு சோம்பு"ன்னு சொல்லி அடியில வெங்காயம் மாதிரி திரள்ற ரகம் கொடுத்தா வேண்டாம்னு சொல்லிடு. அது இத்தாலிக்காரங்க காயாச் சாப்பிடறது. நம்ம சமவெளி வெயில்ல அடி திரளாமலே பூவுக்குப் போயிடும்.

4. தொட்டி: அகலம் முக்கியமில்ல, ஆழம்தான்

இங்கேதான் பாதிச் செடி தோத்துப் போகுது. கீரை வளர்க்கிற தட்டையான பை வேண்டவே வேண்டாம். ஆணிவேர் அடியில முட்டிச்சுன்னா செடி பயந்து, நாலு இலை வர்றதுக்குள்ளயே பூத்தண்டைத் தள்ளும். குறைஞ்சது ஒண்ணேகால் அடி ஆழம் வேணும், ஒண்ணரை அடின்னா நிம்மதி. காலியான 20 லிட்டர் பெயின்ட் வாளி கிடைச்சா நல்லாக் கழுவி, அடியில ஏழெட்டு ஓட்டை போட்டு வை. காசும் மிச்சம், காத்துக்கு உருளவும் உருளாது.

மண்ணுக்குத் தோட்டமண் ரெண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நல்லா மட்கின தொழு உரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு. தென்னைநார்க் கழிவை மட்டும் நிரப்பிடாதே. மாடிக்கு எடை குறையுதுன்னு எல்லாரும் அதைத்தான் போடறாங்க. ஆனா ஆறு அடிச் செடியை அந்தப் பொலபொலப்பு தாங்கிப் பிடிக்காது. மழை வந்தா ஈரத்தையும் விடாது.

5. நாத்து விடாதே

விதையை ராத்திரி முழுக்க ஊற வெச்சு, காலையில தொட்டிக்கு நாலஞ்சு விதை, அரை அங்குல ஆழத்துல நேரா ஊனு. அவ்வளவுதான். நாத்துத் தட்டுல போட்டு அப்புறம் பெயர்த்தா ஆணிவேர் அறுந்துடும். அறுந்த வேர் பழையபடி நேரா இறங்காது. நர்சரியில வாங்கியே ஆகணும்னா, சாண் உயரத்துக்குக் கீழே இருக்கிற குட்டிச் செடியா எடுத்து, வேர்மண் உதிராம அப்படியே இறக்கு. பூ விட்ட பெரிய செடியை ஆசைப்பட்டு வாங்காதே.

இப்போ கவனமாப் படி. முளைச்சு வர்றது சோம்பு மாதிரியே இருக்காது. முதல்ல ரெண்டே ரெண்டு நீளமான, மெல்லிசான, புல் மாதிரி இலை வி வடிவத்துல வரும். களைன்னு நினைச்சுப் பிடுங்கிடாதே, எத்தனையோ வீட்டுல அப்படித்தான் போகுது. இன்னும் ஒரு வாரம், பத்து நாள் விடு. அந்த ரெண்டுக்கும் நடுவுல இருந்து மயிலிறகு இழை மாதிரி ஒரு குட்டி இலை சுருள் பிரியும். அதைக் கிள்ளி நசுக்கி மோந்து பார், சோம்பு வாசனை வந்தா அதேதான்.

ஏன் மோந்து பார்க்கச் சொல்றேன்னா, பார்த்தீனியமும் சின்னதுல கேரட் இலை மாதிரிதான் வெட்டு வெட்டா இருக்கும். தொழு உரத்தோட அந்த விதையும் வந்து முளைக்கும். அது தோலுக்கு ஆகாது, அரிப்பும் தடிப்பும் வரும். வாசனை இல்லாத செடியைக் கையில உறை மாட்டிக்கிட்டுப் பிடுங்கு.

அஞ்சு இலை வந்ததும் தொட்டிக்கு ஒரே ஒரு செடியை வெச்சுக்கோ. மத்ததைக் கத்தரிக்கோலால அடியோட வெட்டு, இழுத்துப் பிடுங்காதே. பிடுங்கினா பக்கத்துச் செடியோட வேரும் ஆடும். "ஐயோ, பாவமா இருக்கே"ன்னு எல்லாத்தையும் விடறவங்களுக்கு எல்லாமே நோஞ்சானாத்தான் நிக்கும்.

6. குச்சியை அன்னைக்கே நட்டுடு

விதை போடற அன்னைக்கே நாலு அடி மூங்கில் குச்சி ஒண்ணைத் தொட்டி ஓரமா இறக்கிடு. செடி வளர்ந்து சாய்ஞ்ச பிறகு குச்சியைக் குத்தினா நேரா வேர்ல குத்துவே. கட்டறதுக்கு நூலோ கம்பியோ வேண்டாம், பழைய பருத்தித் துணிக் கிழிசல் போதும். தண்டு உள்ளே வெறும் கூடா இருக்கும், நூல் இறுக்கினா அந்த இடத்துலயே மடிஞ்சிடும். துணியை எட்டு வடிவத்துல, தண்டுக்கு ஒரு வளையம், குச்சிக்கு ஒரு வளையம்னு தளர்வாக் கட்டு.

7. தண்ணி

விரலை ரெண்டு கணு மண்ணுக்குள்ள விடு. ஈரம் தெரிஞ்சா திரும்பிப் போ. காய்ஞ்சிருந்தா அடியில ஓட்டை வழியா வடியற வரைக்கும் ஊத்து. தினமும் ஒரு சொம்பு தெளிச்சா மேல்வேர்தான் வளரும், ஆணிவேர் கீழே போகாது.

ஒரே ஒரு சமயத்துல மட்டும் தண்ணியைத் தவற விடாதே. பூ விரிஞ்சு பிஞ்சு பிடிக்கிற நேரம். அப்போ காய்ஞ்சா விதை சாவியாப் போயிடும்.

8. உரத்தைக் கொட்டாதே

ஆரம்பத்துல கலந்த தொழு உரமே போதும். பூத்தண்டு கிளம்பறப்போ ஒரு பிடி மண்புழு உரம், அதோட நிறுத்து. கடலைப் பிண்ணாக்குத் தண்ணி, யூரியான்னு ஊத்தினா இலை மதமதன்னு வரும், தண்டு இளசா இருந்து சாயும், அசுவினியும் தேடி வரும்.

9. பக்கத்துல யாரை வைக்கலாம்?

யாரையும் வேண்டாம். சோம்பு தனிக்குடித்தனம்தான் இருக்கணும். அதே தொட்டியில தக்காளி, பீன்ஸ், கொத்தமல்லி எதையும் திணிக்காதே. சோம்புல இருந்து வர்ற சில பொருட்கள் பக்கத்துச் செடியோட முளைப்பையும் வளர்ச்சியையும் அடக்கும். உயரமா வளர்ந்து வெயிலையும் மறைக்கும். தோட்டத்தோட வடக்கு ஓரத்துல வெச்சுட்டா நிழல் மத்த செடி மேல விழாது.

10. இலை பறிக்கிற முறை

முழங்கால் உயரம் வந்த பிறகு பறி. வெளிவட்டத்து இலையை மட்டும், காம்போட அடியில கிள்ளி எடு. நடுக்குருத்தைத் தொடாதே. ஒரு தடவைக்கு மூணுல ஒரு பங்குக்கு மேல போகாதே.

அடை மாவுல பொடியா நறுக்கிப் போடு, மீன் வறுக்கிறப்போ மசாலாவோட அரைச்சுத் தடவு, மோருல கிள்ளிப் போடு. அடுப்புல ரொம்ப நேரம் கொதிச்சா வாசனை ஓடிடும். ரசத்துக்கு இறக்கறப்போ போட்டா போதும். இலையை உதிர்த்த காம்பைத் தூக்கிப் போடாதே, கறிச்சாறு கொதிக்கிறப்போ ரெண்டு துண்டு போட்டு எடுத்துடு.

11. அசுவினி வந்தா பதறாதே

வரும். குருத்துலயும் பூக்காம்புலயும் அடை அடையா ஒட்டும். எறும்பு வரிசை கட்டி ஏறினா அதுதான் முதல் அறிகுறி. காலையில தண்ணியைப் பீய்ச்சி அடிச்சு உதிர்த்து விடு, மூணு நாள் தொடர்ந்து பண்ணு. பெரும்பாலும் இதுலயே அடங்கும். அடங்கலைன்னா ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலமா அடி. அடிச்ச பிறகு ஒரு வாரம் இலை பறிக்காதே.

பூ விரிஞ்சாச்சுன்னா எதையுமே அடிக்கக் கூடாது. பொறிவண்டு கண்ணுல பட்டாலும் அடிக்காதே. அதுவும் அதோட புழுவும் அசுவினியைத் தின்னே தீர்த்துடும். இலையில மாவு தூவின மாதிரி வெள்ளை படிஞ்சா அது சாம்பல் நோய். அந்த இலைகளை வெட்டிக் குப்பையில போடு, காத்தோட்டமான இடத்துக்குத் தொட்டியை நகர்த்து.

12. பூ பூக்கறப்போ பக்கத்துல போய்ப் பார்

வேலை ஆயிரம் இருக்கும். இருந்தாலும் ஒரு காலை இதுக்காக ஒதுக்கு கண்ணு. தண்டோட உச்சியில ஒரே புள்ளியிலிருந்து குடைக்கம்பி மாதிரி காம்புகள் கிளம்பும். ஒவ்வொரு காம்போட நுனியிலயும் இன்னொரு குட்டிக் குடை. அந்தக் குட்டிக் குடையில பொடிப்பொடியா மஞ்சள் பூக்கள். ஒரு பூவை உத்துப் பார்த்தா அஞ்சு இதழும் உள்பக்கமாச் சுருண்டிருக்கும், அஞ்சு மகரந்தத் தாள் வெளியே நீட்டிக்கிட்டு இருக்கும். பூவுக்கு அடியில ஒட்டின மாதிரி ஒரு பச்சை முடிச்சு, அதுதான் நாளைக்குச் சோம்பு. அந்த முடிச்சு முத்தினதும் நடுவுல ரெண்டாப் பிரியும். நாம விதைன்னு சொல்றது அந்தப் பாதியைத்தான். அதோட முதுகுல அஞ்சு வரி ஓடும், எண்ணிப் பார்.

தேனீ, குளவி, ஈ எல்லாம் மொய்க்கும். அது பயப்பட வேண்டிய கூட்டம் இல்ல, அது வந்தாத்தான் காய் பிடிக்கும். தோட்டத்துல இருக்கிற உன் பூசணிக்கும் பாகற்காய்க்கும்கூட அந்தத் தேனீயால நன்மைதான். குழந்தைகள் விளையாடற வழியில மட்டும் தொட்டியை வைக்காதே.

13. எப்போ பறிக்கிறது?

எல்லாக் குடையும் ஒண்ணா முத்தாது. நடுத்தண்டோட பெரிய குடை முதல்ல, பக்கக் கிளை அப்புறம். "மொத்தமா ஒரே நாள்ல அறுத்துடலாம்"னு காத்திருந்தா முதல் குடை உதிர்ந்து போயிருக்கும். வாரம் ஒரு தடவை போய், ஆனதை மட்டும் வெட்டு.

- விதை பாதி வளர்ந்து, இளம்பச்சையா, கடிச்சா இனிப்பா இருக்கிறப்போ: சாப்பாட்டுக்கு அப்புறம் மெல்றதுக்கு. கடையில லக்னோ சோம்புன்னு மெல்லிசா விலை அதிகமா விப்பாங்களே, அதை முத்த விடாம இப்படித்தான் பறிக்கிறாங்க.
- முழுசாப் பருத்து, பச்சை மங்கி மஞ்சள் தட்டறப்போ: மசாலாவுக்கு.
- பழுப்பா முத்தினது: அடுத்த வருஷ விதைக்கு.

குடையைக் காம்போட வெட்டி, காகிதப் பைக்குள்ள தலைகீழாப் போட்டு, நிழல்ல தொங்க விடு. மொட்டை மாடி வெயில்ல காய வைக்காதே, பச்சை நிறமும் வெளுக்கும், வாசனை எண்ணெயும் பறந்துடும். கையில எடுத்தா சலசலன்னு ஓசை கேக்கணும், அதுக்கப்புறம் உதிர்த்துப் பாட்டில்ல போடு. ஈரத்தோட போட்டா பூஞ்சை பூத்துடும்.

14. பிடுங்காதே, வெட்டு

விதை எடுத்தாச்சு, தண்டு காய்ஞ்சு போச்சு, செடி செத்துப் போச்சுன்னு நினைச்சுத் தொட்டியைக் காலி பண்றது பெரிய தப்பு. தண்டைத் தரையிலிருந்து நாலு விரல் விட்டு வெட்டு. மேல்மண்ணை ரெண்டு அங்குலம் சுரண்டி எடுத்துட்டுப் புது மண்புழு உரம் போடு. காய்ஞ்ச இலைச் சருகால மூடு. அரை நிழலுக்கு நகர்த்து, இல்ல நிழல்வலை கட்டு. கோடை முழுக்க மண் லேசா ஈரமா இருந்தா போதும், சொதசொதன்னு வேண்டாம்.

வேர் உயிரோட இருந்தா அடியைச் சுத்திப் பச்சை நூல் நூலாத் துளிர் வரும். ரெண்டாம் வருஷம் ஒத்தைத் தண்டுக்குப் பதிலா மூணு நாலு தண்டு கிளம்பும், முதல் வருஷத்தைவிடச் சீக்கிரமே இலை கிடைக்கும். அதுக்காக வெங்காயத்தாளைப் பிரிக்கிற மாதிரி வேரை ரெண்டாப் பிரிச்சு நடலாம்னு ஆரம்பிக்காதே. ஆணிவேர்ச் செடி, ரெண்டும் போயிடும்.

15. வேலியைத் தாண்ட விடாதே

நீ மலைப்பக்கம் இருந்தா இதைக் கட்டாயம் கேள். சோம்பு தானா விதை உதிர்த்துப் பரவும். கலிபோர்னியாவுலயும் ஆஸ்திரேலியாவுலயும் இது ரோட்டோரம், வெத்து நிலமெல்லாம் பரவி, களைன்னு ஒழிக்கப் பாடுபடறாங்க. உனக்கு வேண்டாத குடைகளை விதை உதிர்றதுக்கு முன்னாடியே வெட்டிடு. வெட்டினதைக் காட்டு ஓரமா வீசாதே.

இன்னொண்ணு. மலைக்குப் போறப்போ குடைப்பூவோட எந்தச் செடியைப் பார்த்தாலும் "சோம்பு மாதிரியே இருக்கே"ன்னு பறிச்சு வாயில வைக்காதே. இதே குடும்பத்துல ஆளைக் கொல்ற செடியும் உண்டு. சாக்ரடீஸுக்குக் கொடுத்த ஹெம்லாக் விஷம் இந்தக் குடும்பத்துச் செடிதான். நீ விதைச்சு, நீ மோந்து பார்த்து வளர்த்ததை மட்டும் சாப்பிடு.

கர்ப்பமா இருக்கிறவங்க குழம்புல போடற அளவுக்குப் பயப்பட வேண்டாம், ஆனா கஷாயமாக் காய்ச்சி மருந்து மாதிரிக் குடிக்கணும்னா டாக்டரைக் கேட்டுட்டுக் குடிங்க. கைக்குழந்தைக்கும் அதே பேச்சுதான்.

16. நேரமே இல்லைங்கறவளுக்கு

ஞாயித்துக்கிழமை பத்து நிமிஷம் போதும்: விரல் விட்டு ஈரம் பார், குருத்தைத் திருப்பி அசுவினி பார், கட்டின துணி இறுகியிருந்தா தளர்த்து, முத்தின குடை இருந்தா வெட்டு. நடுவுல ஒரு நாள் தண்ணி. நாலு நாள் ஊருக்குப் போறேன்னா தொட்டியை நிழலுக்கு நகர்த்தி, நிறையத் தண்ணி ஊத்தி, மேலே சருகு போட்டுட்டுக் கிளம்பு. ஒண்ணும் ஆகாது.

17. அடுத்த வருஷத்துக்கு

முதல்ல முத்தின நடுக்குடையோட விதையைச் சமையலுக்கு எடுக்காதே. அது திரட்சியா இருக்கும், அதைத்தான் விதைக்கு ஒதுக்கணும். ஒரு ஸ்பூன் போதும், தெரு முழுக்கக் கொடுக்கலாம். காகிதக் கவர்ல போட்டு மாசமும் வருஷமும் எழுதி, அடுப்புக்குப் பக்கத்துல இல்லாம பீரோவுல வை. ரெண்டு வருஷத்துக்குள்ள விதைச்சுடு, அதுக்கு மேல போனா முளைப்பு குறைஞ்சுக்கிட்டே வரும். புரட்டாசி பிறந்ததும் கவரை எடுத்து, மறுபடி பத்து விதையை ஈரத்துணியில மடிச்சு வை.